ஆணியில் தொங்கும் சாவி: இங்கிலாந்தின் எளிய கிராமத்துக் கோவில்களைக் காரில் போய்ப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஃபேர்ஃபீல்டு கோவிலுக்கு நான் முதல்முறை போனபோது கதவு பூட்டியிருந்தது. லண்டனிலிருந்து சுமார் 70 மைல் ஓட்டிவந்து, புல்வெளியில் இறங்கி நடந்து, ஆட்டுப் புழுக்கையை மிதித்துப் போய்ச் சேர்ந்தால் பூட்டு. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்து வீட்டு வெளிச்சுவரில் சாவி தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப்போய்த் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம் என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. அந்த ஓராண்டு உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கு வருகிற நம்மவர்கள் கேன்டர்பரி, வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பெரிய ஆலயங்களை எப்படியும் பார்த்துவிடுகிறார்கள். அங்கே டிக்கெட் உண்டு, வரிசை உண்டு, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி எல்லாவற்றையும் சொல்லிவிடும். கிராமத்துக் கோவில்களில் சொல்ல ஆளில்லை. இங்கிலாந்துத் திருச்சபையிடம் மட்டும் சுமார் 16,000 கோவில்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஆயிரம் இடைக்காலத்தவை. அவற்றிலும் சிற்பம், உயர்ந்த கோபுரம், வண்ணக் கண்ணாடி என்று எதுவும் பெரிதாக இல்லாத, சுண்ணாம்புச் சுவரும் மர இருக்கைகளுமாக நிற்கிற கோவில்களைப் பற்றியே பேசப்போகிறேன். (தேவாலயம் என்பது பத்திரிகைச் சொல். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் 'கோவிலுக்குப் போகிறேன்' என்றுதான் கிளம்புவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

எடுத்துக்காட்டாக ஒரே வட்டாரம்: கென்ட் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் ராம்னி மார்ஷ். இங்கே கற்றுக்கொள்வது வேறு மாவட்டங்களிலும் கைகொடுக்கும்.

ஏன் இந்தச் சதுப்பு நிலம்?

கரைகட்டி, வாய்க்கால் வெட்டி, கடலிடமிருந்து நூற்றாண்டுக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்ட நிலம் இது. நீர் தேங்கிய இடம் என்பதால் 19ஆம் நூற்றாண்டு வரை மலேரியாக் காய்ச்சல் ஊரை விடவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பலர் காற்றோட்டமான வேறு ஊர்களில் இருந்துகொண்டு இங்கே ஆடு மேய்த்தார்கள். மக்கள் குறைந்து போனார்கள். அவர்கள் கட்டிய கோவில்கள் நின்றுவிட்டன.

விக்டோரியா மகாராணி காலத்தில் நாடெங்கும் பழைய கோவில்களைச் சுரண்டி, தரையை மாற்றி, வண்ணக் கண்ணாடி பதித்துப் பெரும் 'திருப்பணி' நடந்தது. இந்தப் பக்கம் அவ்வளவு பணம் வரவில்லை. மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டின் எழுத்தையே மழுக்கிவிட்ட நம் ஊர்த் திருப்பணிகளைப் பார்த்தவர்களுக்கு, பணம் வராதது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே இங்கே கண்ணுக்கு வேலை ஒட்டுப்போட்ட இடங்களில்தான். கல் உதிர்ந்த இடத்தைச் செங்கல்லால் அடைத்திருப்பார்கள், சாய்ந்த தூணை அப்படியே விட்டிருப்பார்கள், அடைத்த கதவின் தடம் சுவரில் தெரியும். ஊர்க்காரர்களின் கைச்செலவுக் கணக்கை அங்கே படிக்கலாம்.

முதல் படி: நாள் பார்ப்பதும் எண்ணிக்கையைக் குறைப்பதும்

இந்தச் சதுப்பில் ஒரு டஜனுக்கு மேல் இடைக்காலக் கோவில்கள் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற நவக்கிரகச் சுற்றுலா ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மூன்று போதும். நான்காவது கோவிலில் எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஞாயிறு காலை ஆராதனை இருக்கலாம், சனிக்கிழமைகளில் திருமணம். வியாழன், வெள்ளி உகந்த நாட்கள். மாதம் என்று கேட்டால் மே அல்லது செப்டம்பர் என்பேன். மார்ச், ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும் காலம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தாய் ஆடுகளை விட்டு ஒதுங்கி நடக்க வேண்டும், நாயைக் கூட்டிப்போகவே கூடாது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். புல்வெளியில் கணுக்கால் வரை சேறு இருக்கும்.

இரண்டாம் படி: வரைபடம்

கைபேசி வழிகாட்டி உங்களை ஊர் வரை கொண்டுசேர்க்கும். கோவிலைக் கண்டுபிடிக்க ஆர்ட்னன்ஸ் சர்வேயின் காகித வரைபடம்தான் சரி. ராம்னி மார்ஷுக்கு எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 125ஆம் எண். அதில் ஒரு ரகசிய மொழி இருக்கிறது. கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை போட்டிருந்தால் சதுரக் கோபுரம் உள்ள கோவில். கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை என்றால் ஊசிக் கோபுரம். சதுரமும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் வெறும் சிலுவை மட்டும் இருந்தால் கோபுரம் கட்டக் காசில்லாத கோவிலாக இருக்கலாம். (நேற்றுக் கட்டிய சிறு ஜெபவீடாகவும் இருக்கலாம், சுற்றிலும் வீடே இல்லாத இடத்தில் சிலுவை இருக்கிறதா என்று பாருங்கள்.) ஃபேர்ஃபீல்டை அப்படித்தான் நான் கண்டுபிடித்தேன்: சுற்றிலும் நீல நீர்க்கோடுகள், நடுவே தனியாக ஒரு சிலுவை.

அந்த நீலக் கோடுகளின் பெயர்களைப் படித்து முகம் சுளிக்காதீர்கள். ஆங்கிலத்தில் சாக்கடைக்குச் சொல்லும் 'சூவர்' என்ற சொல்லையே இங்கே வடிகால் வாய்க்கால்களுக்கும் வைத்திருக்கிறார்கள். தெளிந்த தண்ணீரில் அன்னம் நீந்திக்கொண்டிருக்கும்.

லண்டனிலிருந்து எம்20 நெடுஞ்சாலையில் வந்து, ஆஷ்ஃபோர்டு அருகே பிரிந்து ஏ2070 பிடித்தால், பிரென்செட் என்ற இடத்தில் ஏ259 சாலையைச் சந்திப்பீர்கள். அதன்பின் சிறு சாலைகள். நிலம் உள்ளங்கை போலத் தட்டையாக இருந்தும் சாலை நேராகப் போகாது. பழைய வாய்க்கால் கரைகளை ஒட்டிச் செங்குத்தாகத் திரும்பும், இரு பக்கமும் நீர். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான். வழியில் சாலை சற்று அகன்ற ஒதுக்கிடங்களை மனதில் குறித்துக்கொண்டே ஓட்டுங்கள். வயல் கதவை அடைத்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

பையில் என்ன வேண்டும்? நீர் புகாத காலணி, ஒரு டார்ச், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் (உள்ளே கல்லின் குளிர் இறங்காது), சில்லறை நாணயங்கள், சாப்பாடு, குடிநீர். கழிவறையை வரும் வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலான கோவில்களில் கிடையாது.

மூன்றாம் படி: புரூக்லாந்தில் பாடம்

எளிய கோவிலைப் பார்க்கக் கிளம்பிவிட்டு முதலில் கொஞ்சம் வசதியான கோவிலுக்குப் போகச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. எது எது இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எளிய கோவிலில் எது இல்லை என்பது கண்ணில் படும். புரூக்லாந்தின் புனித அகஸ்டின் கோவில் அதற்கு நல்ல பள்ளிக்கூடம்.

உடனே உள்ளே நுழையாதீர்கள். ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள், வலமாக. கோவிலை இடமாகச் சுற்றினால் தீங்கு வரும் என்பது ஆங்கிலேயக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. நம் பிரதட்சிணத்தோடு அவர்கள் ஒத்துப்போகும் அரிய இடம் இது. சுற்றும்போது புல்தரை சாலையைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கோவில்களில் அப்படி இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே நிலத்தில் புதைத்துப் புதைத்து மண் ஏறியது.

இங்கே மணிக்கூண்டு கோவிலின் மேலே இல்லை. பக்கத்தில் தரையில் தனியாக நிற்கிறது: எட்டுப் பட்டை, மூன்று அடுக்கு, முழுக்க மரம். மூன்று கூம்புத் தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு கன்னிப்பெண் திருமணத்துக்கு வந்தாளாம், அதிர்ச்சியில் மணிக்கூண்டு கீழே குதித்துவிட்டதாம். விஷயம் வேறு. சதுப்பு மண் அந்த எடையைத் தாங்காது. சந்தேகம் இருந்தால் உள்ளே போய்த் தூண்களைப் பாருங்கள். வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன.

நுழைவது பெரும்பாலும் தெற்கு வாசல் வழியாக. அதன் முன்மண்டபம் வெறும் மழைக்கு ஒதுங்கும் இடமாக இருந்ததில்லை; இடைக்காலத்தில் திருமண ஒப்பந்தமே அங்கேதான் நடக்கும், பிறகுதான் உள்ளே பூசை. பல கோவில்களின் தெற்குச் சுவரில், கதவருகே, நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து விசிறிபோல விரியும் கீறல்களும் தெரியும். துளையில் குச்சியைச் செருகி, நிழல் எந்தக் கீறலில் விழுகிறது என்று பார்த்துப் பூசை நேரத்தை அறிந்தார்கள். இந்த வெயில் கடிகாரத்தைத் தேட காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது.

கதவில் இரும்பு வளையம் இருக்கும். இழுக்காதீர்கள், திருகுங்கள், உள்ளே தாழ் எழும்பும் சத்தம் கேட்கும். படி கீழே இறங்கலாம், பார்த்துக் கால் வையுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. கதவை உடனே சாத்துங்கள். பறவை புகுந்துவிட்டால் வெளியே போக வழி தெரியாமல் செத்துப்போகும்.

உள்ளே நுழைந்ததும் ஞானஸ்நானத் தொட்டி. அது வாசல் பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு: சபைக்குள் நுழைவதே அந்தத் தண்ணீர் வழியாகத்தான். பெரும்பாலான ஊர்களில் தொட்டி கல்லால் ஆனது. புரூக்லாந்தில் ஈயம், 12ஆம் நூற்றாண்டுப் பொருள். இங்கிலாந்தில் பழைய ஈயத் தொட்டிகள் சுமார் 30தான் மிஞ்சியிருக்கின்றன. மற்றவை உருகிப் போய்விட்டன.

இந்தத் தொட்டிக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மேல் வரிசையில் ராசிச் சின்னங்கள், அதன் கீழ் ஒவ்வொரு மாதத்தின் வேலை. நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே பன்னிரண்டு பேர், மேஷ ஆடு முதல் மீன்கள் வரை, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். கீழே ஒருவன் அரிவாளால் கதிர் அறுக்கிறான், ஒருவன் போரடிக்கிறான், ஒருவன் திராட்சை மிதிக்கிறான், டிசம்பரில் பன்றி வெட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தவன் பிப்ரவரிக்காரன். முக்காடு போட்டுக்கொண்டு நெருப்பின் முன் உட்கார்ந்து குளிர்காய்கிறான். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அவனுக்குக் குளிர் விடவில்லை. பெயர்களை எழுதிய நார்மன் பிரெஞ்சு எழுத்துகளும் மங்கலாகத் தெரியும்; டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உருவங்கள் புடைத்து எழும்.

வேறு கோவில்களில் கல் தொட்டியைப் பார்த்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் பெயர்ந்திருந்தால் அது பூட்டுக் கொண்டி இருந்த இடம். மந்திரித்த நீரைத் திருடிச் சூனியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 1236இல் தொட்டிகளை மூடிப் பூட்டச் சொல்லி கேன்டர்பரி பேராயர் உத்தரவு போட்டார்.

புரூக்லாந்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சுவரோவியம். தெற்குப் பக்கத்தில், மங்கிப்போன சிவப்பில், கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் கொலையாகும் காட்சி. 1170 டிசம்பர் 29 அன்று, இரண்டாம் ஹென்றி மன்னனின் நான்கு வீரர்கள் அவரை ஆலயத்துக்குள்ளேயே வெட்டினார்கள். மூன்றே ஆண்டில் புனிதராக்கப்பட்டார். அடுத்துப் போகப்போவது அவர் பெயரில் உள்ள கோவில்.

நான்காம் படி: ஃபேர்ஃபீல்டு

புரூக்லாந்திலிருந்து ஒன்றரை மைல் அளவு. ஊர் இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவி இருக்கும் வீட்டைக் கேளுங்கள். அறிவிப்புப் பலகை இருந்தால் அதைப் படித்து அதன்படி செய்யுங்கள்.

பிறகு புல்வெளிக்குள் மண் மேட்டுப் பாதை. 1913இல்தான் அது போடப்பட்டது. அதற்கு முன் மழைக்காலத்தில் கோவிலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். குதிரையிலோ படகிலோதான் பூசைக்கு வந்தார்கள். இப்போதும் சுற்றிலும் வாய்க்கால். கல்லறைத் தோட்டமும் இல்லை, மரமும் இல்லை, மதிலும் இல்லை. ராம்னி இன ஆடுகள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

வெளியே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சிவப்புச் செங்கல் சுவர், பெரிய ஓட்டுக்கூரை, அதன்மேல் குட்டையான மரக் கூண்டு. பண்ணைக் கொட்டகை என்று சொன்னாலும் நம்பலாம். செங்கல் 18ஆம் நூற்றாண்டில் போட்ட சட்டை. உடம்பு உள்ளே இருக்கிறது.

கதவைத் திறந்து அண்ணாந்து பாருங்கள். மர உத்தரங்கள், ஒவ்வொன்றும் இரு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத கனம், கோடரி செதுக்கிய தடம் மறையாமல். இடைக்காலத்தில் மரச்சட்டமும் வரிச்சும் சாந்துமாக எழுப்பிய கோவில் இது. கல் வாங்க இயலவில்லை, வாங்கினாலும் மண் தாங்காது. சுவர் இற்றுப்போனபோது மரத்தை விட்டுவிட்டுச் சுற்றிச் செங்கல் கட்டினார்கள். 1913இல் டபிள்யூ. டி. கேரோ என்ற கட்டடக் கலைஞர் பழுதுபார்த்தபோதும் அந்த மரச்சட்டத்தையே காப்பாற்றினார். உள்ளே நிற்கும்போது பழைய ஜமீன் நெற்களஞ்சியத்துக்குள் நிற்பதுபோலவே எனக்கு இருக்கும்.

கீழே இடுப்புயர அடைப்புகளுடன் பெட்டி இருக்கைகள், வெள்ளைப் பூச்சு, கறுப்பு விளிம்பு. ஒவ்வொன்றுக்கும் சிறு கதவு. காற்றுக்குத் தடுப்பு, குடும்பத்துக்கு ஒரு பெட்டி. ஓரத்தில் மூன்று அடுக்குப் பிரசங்க மேடை: கீழ்த்தட்டில் உதவியாளர் உட்கார்ந்து ஆமென் சொல்வார், நடுத்தட்டில் குருவானவர் ஜெபம் வாசிப்பார், பிரசங்கத்துக்கு மட்டும் உச்சிக்கு ஏறுவார். தொட்டிக்கு ஏழு பக்கம். எட்டுப் பக்கம்தான் வழக்கம் என்பதால் எண்ணிப் பாருங்கள்.

இங்கே என்ன இல்லை என்று இப்போது கவனியுங்கள். ஓவியம் இல்லை, சிலை இல்லை. பெக்கெட்டின் கோவிலில் பெக்கெட்டே இல்லை. எட்டாம் ஹென்றி 1538இல் அவர் பெயரையும் உருவத்தையும் நாடெங்கும் அழிக்கச் சொன்னான். அவன் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547 முதல், கோவில்களின் படங்கள், சிலைகள் எல்லாவற்றுக்கும் அதே கதி. சுவர்களுக்கு வெள்ளையடித்து, படம் இருந்த இடத்தில் வேத வசனங்களை எழுதினார்கள். ஃபேர்ஃபீல்டில் தொங்கும் வசனப் பலகைகள் அந்த மரபின் பிள்ளைகள். நாம் எளிமை என்று ரசிக்கும் இந்த வெள்ளைச் சுவர் ஒரு காலத்தில் அரசாணை. நல்ல வேளையாக, சுண்ணாம்பு அடித்தவன் தன்னை அறியாமல் அடியிலிருந்த ஓவியங்களை வெயிலிலிருந்தும் கைபடுவதிலிருந்தும் காத்தும் வைத்தான். பல கோவில்களில் ஓவியங்கள் திரும்பக் கிடைத்தது அப்படித்தான்.

இப்போது புகைப்படம் எடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். இருபது நிமிடம். வண்ணமில்லாத கண்ணாடி வழியே மேகம் போகப்போக வெள்ளை மரம் சாம்பலாகி, திரும்ப வெள்ளையாகும். ஈரச் சுண்ணாம்பும் மரமும் கலந்த வாடை. வெளியே ஆடு செருமும் சத்தம் மனிதர் இருமுவதுபோலவே இருக்கும். முதல்முறை நான் எழுந்து பார்த்தேன்.

ஜெபம் செய்ய விருப்பமுள்ளவர்கள் செய்யலாம். இல்லாதவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.

மிச்ச நேரத்துக்கு

ஏ259 வழியாகத் திரும்பி ஓல்டு ராம்னி. அங்கே பெட்டி இருக்கைகள் இளஞ்சிவப்பு நிறம். 1963இல் டிஸ்னி படப்பிடிப்புக்காகப் பூசினார்கள். ஊருக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தோடு தொடர்பில்லாத ஆங்கிலத் திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மனின் கல்லறை வெளியே இருக்கிறது: கறுப்புக் கல், அவரது கையெழுத்து, வேறு எதுவும் இல்லை.

கால் வலிக்கவில்லை என்றால் நியூ ராம்னி. 1287இல் அடித்த புயல் ராதர் ஆற்றின் போக்கையே ரை என்ற ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டது. கோவிலருகே கப்பல் நின்ற ஊர் ஒரே புயலில் துறைமுகத்தை இழந்தது. வண்டல் ஏறிய உயரம் இன்றும் தெரியும். மேற்கு வாசலுக்குத் தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். தூண்களில் படிந்த கறையையும் பாருங்கள்.

குழந்தைகள் கூட இருந்தால் ஐவிசர்ச். மழை நாளில் அடக்க ஆராதனை நடத்தும் குருவானவர் நனையாமல் நிற்க, காவல் கூண்டு போன்ற மரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். தூக்கிப்போய்க் குழியோரம் வைப்பார்களாம். துக்கத்துக்கு வந்த மற்றவர்கள் நனையத்தான் வேண்டும்.

கிளம்பும் முன்

நுழைவுக் கட்டணம் எங்கும் இல்லை. அதனாலேயே உண்டியலில் போடுங்கள். சுவரில் பதித்த இரும்புப் பெட்டியாக இருக்கும், சில இடங்களில் கார்டு தட்டும் கருவியும் உண்டு. கூரை ஓட்டைச் சரிசெய்வது பெரும்பாலும் அந்தச் சிறு சபையின் பொறுப்பு, அரசின் பொறுப்பல்ல. ஒரு தேநீர்க் கடையில் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு என்பது என் கணக்கு. குறிப்பேட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். மானியம் கேட்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட அந்தப் பக்கங்கள் உதவும்.

விளக்கை அணையுங்கள். வயல் கதவைத் திறந்திருந்தால் திரும்பச் சங்கிலி மாட்டுங்கள். பூட்டியதும் சாவியை நேராகக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே மாட்டுங்கள். ஒருமுறை நான் அதைக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, ஆஷ்ஃபோர்டு வரை வந்துவிட்டேன். திரும்ப ஓட்டிக்கொண்டு போனபோது, அந்த வீட்டு வாசலில் வயதான தம்பதி ஒருவர் வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.